ஜேக் தூக்கும், தாங்காது

தோட்டத்து வாசலில் காரின் அடியில் படுத்து வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் பத்திரமாக எழுந்து வர வேண்டும். அதற்குத் துணிச்சல் போதாது. இரண்டு ஸ்டாண்டு, நான்கு முட்டுக்கட்டை, ஐந்து நிமிடப் பொறுமை மூன்றும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறி முடித்ததும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், கெமெஞ்சே என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் ஒரு காடியின் பானட் திறந்திருக்கும். எஞ்சின் எண்ணெய் மாற்றுவார்கள், பிரேக் கட்டை பார்ப்பார்கள், முன்சக்கரத்தில் கேட்கும் 'கட கட' சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். அண்ணன் ஸ்பெனரைப் பிடிக்க, தம்பி கைவிளக்கைப் பிடிப்பான். வாரம் முழுக்கச் செம்பனைக் காட்டிலோ, நீலாய், செனாவாங் தொழிற்சாலைகளிலோ உழைத்தவர்களுக்கு ஓய்வு நாளில் காத்திருக்கும் இன்னொரு வேலை இது.

இந்தக் கைத்திறன் நமக்குப் பெருமை. ஆனால் அதற்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காரை ஜேக்கில் ஏற்றி, பக்கத்தில் இரண்டு செங்கலை வைத்து, அடியில் நுழைந்துவிடும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. பத்து முறை ஒன்றும் ஆகாது. அந்தப் பத்து முறையும் தந்த தைரியத்தில்தான் பதினோராவது முறையும் உள்ளே நுழைகிறோம். ஜேக் என்பது தூக்குவதற்கான கருவி. தூக்கியதைத் தாங்கி நிற்பது அதன் வேலையே இல்லை. இந்த ஒன்றைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவர் மனத்திலும் பதிய வைத்துவிட்டால் உயிர்கள் மிஞ்சும். இந்தக் கட்டுரையின் நோக்கம் அவ்வளவுதான்.

ஏன் வாசலிலேயே பழுது பார்க்கிறோம்?

முதல் காரணம் பணம். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022 மே முதல் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்திருக்கிறது. இந்த வரம்பை ஒட்டிச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு, வொர்க்‌ஷாப்பில் கூலியாகக் கொடுக்கும் நூறு ரிங்கிட்டும் பெரிய பணம்தான். பொருளை மட்டும் வாங்கி வந்து கைவேலையை வீட்டிலேயே முடித்தால், மிச்சப்படும் காசு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும்.

இரண்டாவது காரணம் சாலை. தோட்டத்துக்குள் ஓடும் செம்மண், கிரவல் சாலைகள் காரின் அடிப்பாகத்தை வாட்டி எடுக்கும். அப்சோர்பர், லோவர் ஆர்ம் புஷ், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை, சைலன்சர் என்று நகரத்துக் காரில் நெடுநாள் உழைக்கும் உறுப்புகள் இங்கே சீக்கிரம் தேய்ந்துபோகும். இவை எல்லாமே காருக்கு அடியில் இருப்பவை. பானட்டைத் திறந்தால் மட்டும் போதாது. காரைத் தூக்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது காரணம் காரின் வயது. 1985-ல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1994-ல் வந்த பெரோடுவா கஞ்சிலும் சாதாரணக் குடும்பங்களைக் கார் வாங்க வைத்தன. கஞ்சில் உற்பத்தி 2009-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் கஞ்சில், விரா, இஸ்வாரா, முதல் தலைமுறை மைவி எல்லாம் தோட்டப் பக்கங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேருந்து எப்போதாவது வரும் ஊரில் கார் ஆடம்பரப் பொருள் ஆகாது. வேலைக்கும், மருத்துவமனைக்கும், தமிழ்ப்பள்ளிக்கும் போக அதுதான் வழி. பழைய காரை விடவும் முடியாது. பழுது பார்க்காமல் இருக்கவும் முடியாது.

நான்காவது காரணம் பரம்பரைத் திறமை. தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரையும் லாரியையும் பிரித்து மாட்டிய தாத்தாக்கள், அப்பாக்களிடமிருந்து வந்த வித்தை இது. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாக மாறின. லயன் வீடுகள் இடிந்தன. இத்தனைக்குப் பிறகும் அந்த வித்தை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் பட்டறையில் இருந்த காங்கிரீட் தளம், இரும்புத் தாங்கி, மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

ஜேக்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் மூன்று வகை ஜேக் உண்டு. காரோடு வரும் கத்தரி ஜேக் ஒன்று. லாரிக்காரர்கள் வைத்திருக்கும் போத்தல் ஜேக் இன்னொன்று. நான்கு சிறு சக்கரங்களோடு தரையில் உருளும் டிராலி ஜேக் மூன்றாவது.

கத்தரி ஜேக்கில் மொத்தப் பாரமும் ஒரே ஒரு திருகுக் கம்பியில் நிற்கிறது. அதன் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலே சாய்ந்துவிடும். வழியில் டயர் பஞ்சரானால் சக்கரத்தை மாற்றுவதற்காக மட்டும் கொடுக்கப்பட்டது அது. ஜேக்கில் நிற்கும் காருக்கு அடியில் போகாதீர்கள் என்று கார்க் கையேடுகள் தெளிவாக எச்சரிப்பதும் இதனால்தான்.

போத்தல் ஜேக்கும் டிராலி ஜேக்கும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகின்றன. 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீர் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன், தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஜேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அடிப்படை இன்றும் அதேதான். கைப்பிடியை அழுத்தும்போது சின்ன உருளை எண்ணெயைத் தள்ளுகிறது; அந்த அழுத்தம் பெரிய உருளையை மேலே ஏற்றுகிறது. தள்ளிய எண்ணெய் திரும்பி வராமல் ஒரு வால்வு தடுக்கிறது. கசியாமல் ரப்பர் வளையங்கள் அடைத்து நிற்கின்றன.

கார் மேலே நிற்கும்போது அதன் பாரத்தைத் தாங்குவது இந்த எண்ணெயும், வால்வும், ரப்பர் வளையங்களும்தான். வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம். வால்வில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கலாம். இறக்கும் திருகைப் பிள்ளைகள் யாராவது தொட்டுவிடலாம். வெளியே பளபளப்பாகத் தெரியும் ஜேக்கின் உள்ளே நடப்பதை நம் கண் பார்க்காது. சில சமயம் மெல்ல இறங்கும். சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் சடாரென்று இறங்கும்.

ஸ்டாண்டு அப்படியில்லை. இரும்புக் கால்கள், நடுவில் ஒரு தண்டு, அதைப் பூட்டும் ஒரு பல் அல்லது துளைக்குள் நுழையும் ஓர் ஊசி. பாரம் இரும்பின் வழியாக நேராகத் தரைக்குப் போய்விடுகிறது. கசிய எண்ணெயும் இல்லை, தேய ரப்பரும் இல்லை. இதனால்தான் தூக்குவது ஜேக்கின் வேலை, தாங்குவது ஸ்டாண்டின் வேலை என்று உலகமெங்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பாரத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மைவி ஏறத்தாழ ஒரு டன். எஞ்சினும் கியர் பெட்டியும் முன்னால் இருப்பதால், முன்பக்கம் மட்டும் சுமார் 600 கிலோ வரும். ஒரே ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினாலும் 300 கிலோவுக்குக் குறையாது. ஒரு செம்பனைக் குலையை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், பதினைந்து குலைகளை ஒரே நேரத்தில் நெஞ்சின்மேல் போட்டதற்குச் சமம். அந்தப் பாரத்தில் எலும்பு முறிகிறதோ இல்லையோ, நெஞ்சு விரிய முடியாது. மூச்சு உள்ளே போகாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

தரைதான் அஸ்திவாரம்

நெகிரி செம்பிலானின் செம்மண், வெயிலில் சிமெண்டு போல இறுகிக் கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே மண் குழைந்துவிடும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பருவம் மாறும் காலத்தில், காலையில் வெயில் கொளுத்தி, பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது இங்கே வாடிக்கை. காலையில் உறுதியாகத் தெரிந்த மண்ணில் நிறுத்திய ஸ்டாண்டின் கால்கள், மதிய மழையில் ஒரு பக்கம் புதைய ஆரம்பித்தால் கார் சாய்வதற்கு நேரமாகாது.

டிராலி ஜேக்குக்கு மண் தரை ஆகவே ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் கை நேர்கோட்டில் ஏறுவதில்லை, வளைவாக ஏறுகிறது. உயர உயர ஜேக்கின் தலை முன்னும் பின்னும் நகரும். அந்த நகர்வை ஈடுகட்டத்தான் அதற்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். வழவழப்பான காங்கிரீட்டில் ஜேக் தானாக உருண்டு சரியான இடத்துக்கு வந்துவிடும். மண்ணிலோ கிரவலிலோ சக்கரம் சிக்கிக்கொள்ளும். அப்போது ஜேக்கின் தலை காரை இழுக்கும், அல்லது பிடித்த இடத்திலிருந்து வழுக்கும். பல விபத்துகள் பிறப்பது இந்த ஒரு நொடியில்தான்.

காரைச் சமமான காங்கிரீட் தளத்தில் நிறுத்துங்கள். வீட்டு வாசல் சரிவாக இருந்தால் அங்கே தூக்கவே வேண்டாம். மழைநீர் ஓட வேண்டும் என்பதற்காகத் தாமான் வீடுகளின் வாசலைச் சாலைப் பக்கம் சரித்துக் கட்டியிருப்பார்கள். பார்வைக்குச் சமமாகத் தெரியும். ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். உருண்டு ஓடினால் அது வேலைக்கான இடம் இல்லை. சொந்த வீட்டில் தளம் இல்லையென்றால் சமூகக் கூடத்தின் முன்புறம், பழைய லாரிக் கொட்டகை போன்ற நல்ல தளம் உள்ள இடத்தில் உரியவர்களின் அனுமதி வாங்கிச் செய்வது மேல். தார்ச் சாலையும் கடும் வெயிலில் இளகும். அங்கே ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே கெட்டியான பலகை வைக்க வேண்டும்.

எந்தச் சக்கரம் காரைப் பிடித்து நிறுத்துகிறது?

ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியர் 'பி'-யில் இருக்கிறது, இனி கார் நகராது என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை.

சாகா, மைவி, ஆக்சியா, பெஸ்ஸா எல்லாம் முன்சக்கரத்தில் இயங்கும் கார்கள். கியர் முன்சக்கரங்களைப் பூட்டும்; ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கினால் 'பி' கியரால் பயன் இல்லை. ஹேண்ட் பிரேக் மட்டுமே காரை நிறுத்துகிறது. பழைய காரில் அதன் கேபிள் தளர்ந்திருந்தால் அதுவும் போயிற்று. பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் காற்றில் தொங்கும் சக்கரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

முன்சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்கினால் இன்னொரு சிக்கல். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல், ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் சுழல விடும். 'பி'-யில் இருந்தாலும், தரையில் நிற்கும் சக்கரம் உருளலாம். மேலே தொங்குவது எதிர்த் திசையில் சுற்றும்.

தோட்டங்களில் நிறைய ஓடும் ஹைலக்ஸ் போன்ற பிக்அப் வண்டிகளில் ஆபத்து இன்னும் கூடுதல். அவற்றில் ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தில்தான்; இரண்டு சக்கர ஓட்டத்தில் 'பி' கியர் பூட்டுவதும் பின்சக்கரத்தையே. பின்பக்கத்தைத் தூக்கிய கணத்தில், கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இருக்காது.

தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுப்பதை விட்டால் வேறு மருந்து இல்லை. கைக்குக் கிடைத்த கல்லை வைக்காதீர்கள். டயர் ஏறினால் உருளும். சரிவாக அறுத்த கெட்டி மரக் கட்டையோ, கடையில் விற்கும் ரப்பர் கட்டையோ வேண்டும்.

எங்கே தூக்குவது, எதன்மேல் நிறுத்துவது?

கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்பு விளிம்பைத் தடவிப் பாருங்கள். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டாக வெட்டு அடையாளங்கள் இருக்கும். ஜேக் வைக்க வேண்டிய இடம் அந்த ஒவ்வொரு சோடி அடையாளத்துக்கும் நடுவில்தான். அங்கே தகடு இரட்டிப்பாக வலுவேற்றப்பட்டிருக்கும். எஞ்சின் எண்ணெய்த் தொட்டி, கியர் பெட்டி, தரைத் தகடு ஆகிய எதன் கீழும் ஜேக்கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு காருக்கும் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால் பெரோடுவா, புரோட்டோன் சர்வீஸ் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இருபது வருடக் காரில் அந்த விளிம்பு துருப்பிடித்து உளுத்திருக்கலாம். ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடம் எந்தப் பாரத்தையும் தாங்காது. அந்தக் காரை வீட்டில் தூக்காமல், நான்கு தூண் லிஃப்ட் உள்ள வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவதே நல்லது. இப்போது சிரம்பான் பக்கம் பெருகி வரும் மின்சாரக் கார்களுக்கும் தனி எச்சரிக்கை தேவை. அடிப்பாகம் முழுக்க பேட்டரி, எடையும் அதிகம். நிறுவனம் குறித்த புள்ளியைத் தவிர வேறெங்கும் ஜேக்கின் தலை படக் கூடாது.

ஸ்டாண்டுக்கு வருவோம். அதன்மேல் ஒட்டியிருக்கும் எடை வரம்பைப் படியுங்கள். பல ஸ்டாண்டுகளில் எழுதியிருப்பது ஒரு சோடிக்கான அளவு. அதாவது '3 டன்' என்றால் இரண்டும் சேர்ந்து 3 டன். நம் சிறிய கார்களுக்கு அது தாராளம். ஒரே ஸ்டாண்டை வைத்து வேலை செய்யாதீர்கள். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே அச்சில், இடமும் வலமுமாக நிற்க வேண்டும்.

செங்கல் வேண்டவே வேண்டாம். செங்கலும் துளையுள்ள சிமெண்டு கல்லும் சுவரில் பரவலான பாரத்தைத் தாங்கப் பிறந்தவை. காரின் விளிம்பு அதன்மேல் ஒரு கோடாக அழுத்தும்போது, உள்ளே விரிசல் ஓடி ஒரே நொடியில் தூளாகும். இரும்பு வளைந்து எச்சரிக்கும், செங்கல் எச்சரிக்காது.

கட்டையும் கவனத்துக்குரியது. தோட்டத்தில் எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரக் கட்டை. மருந்தேற்றிப் பதப்படுத்தினால் நல்ல நாற்காலி செய்யலாம். வெட்டிப் போட்டபடியே விட்டால் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். வெளியே உருண்டு திரண்டு தெரியும் கட்டை உள்ளே மாவாகியிருக்கும். செம்பனைத் தண்டோ நடுவில் மென்மையானது. பாரம் தாங்க இந்த இரண்டையும் நம்பக் கூடாது.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் தன் கடைகளில் விற்ற சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பாரம் ஏறிய நிலையில் அசைந்தால் பூட்டும் பல் தண்டிலிருந்து நழுவக்கூடும் என்று தெரியவந்தது. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகையில் பற்றவைப்பே சரியில்லை என்று அதையும் திரும்பப் பெற்றார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேக், ஸ்டாண்டு, ஏற்றுப்பலகை ஆகியவற்றுக்குக் கட்டாயத் தரம் விதித்து, தரமில்லாததை விற்பதையே தடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு. துளையில் கெட்டி ஊசி நுழையும் வகை ஸ்டாண்டை வாங்குங்கள். பல் பூட்டும் வகையாக இருந்தால் பல் முழுதாகக் கடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். எதை வாங்கினாலும் ஒன்று தவறினால் தாங்க இன்னொன்று எப்போதும் இருக்கட்டும்.

வேலை முறை

1. ஆள் துணை இல்லாமல் தொடங்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, கைபேசியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் நாய், கோழியும் பக்கத்தில் வராமல் பாருங்கள். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது.

2. சமமான காங்கிரீட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஆட்டோவானால் 'பி', மேனுவலானால் முதல் கியரில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள்.

3. சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால், கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். துருப்பிடித்து இறுகிய பெரிய நட்டுகளையும் அப்போதே தளர்த்திவிட வேண்டும். மேலே ஏற்றிய பிறகு உடல் பலம் முழுவதையும் போட்டு இழுத்தால், நட்டோடு காரும் நகரும்.

4. ஜேக்கின் தலையில் ஒரு ரப்பர் துண்டை வைத்து, சரியான புள்ளியில் பொருத்தி, மெல்ல ஏற்றுங்கள். டயர் தரையை விட்டதும் ஒருமுறை நின்று, ஜேக் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

5. வேலைக்கு வேண்டிய உயரம் வந்ததும் ஸ்டாண்டை வலுவான இடத்தின் கீழ் வையுங்கள். தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் உயர்த்த வேண்டாம். உயர உயர நிலை தளரும். இரண்டாவது பக்கத்தையும் அதே முறையில் செய்யுங்கள். வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து பாரத்தை ஸ்டாண்டில் இறக்குங்கள்.

6. இப்போது வெளியே நின்றபடியே காரைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ, 'கிறீச்' என்றாலோ மீண்டும் தூக்கிச் சரிசெய்யுங்கள். வெளியே இருக்கும்போதே விழுந்தால் நட்டம் இரும்புக்கு மட்டும்தான்.

7. ஜேக்கை எடுத்து ஓரமாக வைக்காதீர்கள். காரின் இன்னொரு வலுவான புள்ளியைத் தொட்டபடி இருக்கட்டும். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் சக்கரத்தின் அகலம் அளவுக்கு இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளிதான் உயிர்.

8. நெஞ்சும் தலையும் காருக்குக் கீழே இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். ஒரு கை மட்டும் போனால் போதும் என்றால் முழு உடம்பையும் நுழைக்காதீர்கள். எஞ்சினை ஓட விடாதீர்கள். வானம் இருண்டால் வெளியே வந்துவிடுங்கள்.

9. இறக்குவதற்கு முன் கருவிகள், விரல்கள், கந்தைத் துணிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று பாருங்கள். ஜேக்கால் லேசாகத் தூக்கி ஸ்டாண்டுகளை எடுத்து, மெல்ல இறக்குங்கள். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள்.

எண்ணெய் மாற்ற மட்டும் என்றால் ஏற்றுப்பலகை நல்ல வழி. சரிவான இரண்டு பலகைகளின்மேல் காரை ஓட்டி ஏற்றி நிறுத்துவது அது. ஜேக்கே தேவைப்படாது. அங்கேயும் பின்சக்கர முட்டுக்கட்டை கட்டாயம். சில பழைய பட்டறைகளில் இருக்கும் குழியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அது குழிக்குள் இறங்கித் தங்கும். சிகரெட்டும் தீப்பொறியும் அங்கே எமன்.

விழுந்துவிட்டால்

முதல் ஆள் 999-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு மீட்புப் படைக்கும் அந்த ஒரே எண்தான். தோட்டத்தின் பெயரோடு, நுழைவாயில் எந்தச் சாலையில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாலை முனைக்குப் போய் வழிகாட்டட்டும். தோட்டத்துக்குள் பிரியும் பாதைகள் வெளியாட்களுக்குப் புரியாது.

நெஞ்சு அழுத்தப்பட்டிருந்தால் காத்திருக்க நேரம் இல்லை. ஜேக்கை வலுவான புள்ளியில் வைத்து உடனே தூக்க வேண்டும். உயர உயர அடியில் கட்டையோ சக்கரமோ நுழைத்துக்கொண்டே வர வேண்டும். ஆட்கள் கூடி வெறும் கையால் தூக்கும்போது, ஒரு பக்கம் தளர்ந்தால் கார் மறுபடியும் அவர்மேல் விழும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். வெளியே வந்தவர் பேசினாலும் நடந்தாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் போக வேண்டும். உள் காயம் வெளியே தெரியாது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை, போர்ட்டிக்சன், கோலப்பிலா, ஜெம்போல், தம்பின் மருத்துவமனைகளில் உங்களுக்கு அருகில் இருப்பது எது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வாசல்வரை, அதன் பிறகு நாம்

செம்பனை ஆலையின் கொதிகலன், தகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஒரு நாளும் ஓட முடியாது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டத் தொழிலுக்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்தி வந்தது. 2024 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்த திருத்தம், சில விலக்குகள் தவிர நாட்டின் எல்லாத் தொழிலிடங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி விலகி நிற்கவும் அது உரிமை தருகிறது. அதே தொழிலாளி மாலையில் வீட்டுக்கு வந்து தன் காரின் அடியில் படுக்கும்போது எந்த அதிகாரியும் வந்து சோதிக்கமாட்டார். வீட்டு வாசல் தொழிலிடம் இல்லை.

சட்டம் நுழையாத இடத்தில் நம் அமைப்புகள் நுழைய வேண்டும். தோட்டத்திலும் தாமானிலும் கோயில் நிர்வாகம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, பல ஊர்களில் தமிழ் இளைஞர் மணிமன்றக் கிளை இருக்கிறது. திருவிழாவுக்குப் பந்தலும் பாத்திரமும் பொதுவில் வைத்திருப்பவர்கள் நாம். அதே அலமாரியில் ஒரு நல்ல டிராலி ஜேக், இரண்டு சோடி ஸ்டாண்டு, எட்டு முட்டுக்கட்டை வைக்க முடியாதா? ஒரு சோடி ஸ்டாண்டின் விலை இரண்டு புதிய டயர்களின் விலையைவிடக் குறைவு. ஒரு குடும்பம் வாங்கத் தயங்கலாம். ஐம்பது குடும்பம் சேர்ந்தால் ஆளுக்குச் சில வெள்ளிதான்.

அந்தக் கருவிகளைக் கொடுக்கும்போது பயிற்சியும் கொடுக்க வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்குகள் நம் பிள்ளைகளிலேயே ஏராளம். போர்ட்டிக்சன் போலிடெக்னிக் போன்ற இடங்களில் படித்த இளைஞர்களும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்பு எல்லாரும் காரைச் சரிபார்க்கும் வாரத்தில், ஒரு கோத்தோங் ரோயோங் காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்கலாம். ஒருவர் செய்து காட்ட, ஒவ்வொருவரும் தம் கையால் ஒருமுறை தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆட்டிப் பார்க்கட்டும். பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவழியில் டயர் மாற்ற வேண்டியது அவர்களுக்கும் வரும். வீட்டில் விபத்து நடந்தால் முதலில் ஓடி வருபவர்களும் பெரும்பாலும் அவர்களே.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடியிருப்புக்கு ஒன்றாகச் சமமான காங்கிரீட் தளமும் கூரையும் போட்டுக் கொடுங்கள். லாரிக்கும் டிராக்டருக்கும் கொட்டகை கட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு அது பெரிய செலவாகாது. விடிகாலையில் மஸ்டருக்கு வர வேண்டிய தொழிலாளியின் கார் ஓடினால்தான் உங்கள் குலையும் ஆலைக்குப் போகும்.

இளைஞர்களிடம் ஒன்று. ஜேக்கை மட்டும் நம்பி அடியில் நுழைவது வீரம் என்று யாராவது சொன்னால், அவர் அண்ணனாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும் மரியாதையாகவே தடுத்து நிறுத்துங்கள். "ஸ்டாண்டு எங்கே?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கு அந்த வேலை நடக்க வேண்டாம். எண்ணெய் ஒரு வாரம் கழித்து மாறினால் கார் கெட்டுப்போகாது. உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ அடுத்த சங்கக் கூட்டம் எப்போது என்று பாருங்கள். பொதுவில் ஸ்டாண்டு வாங்கும் தீர்மானத்தை அங்கே கொண்டு போங்கள். அது நிறைவேறும்வரை, ஸ்டாண்டு இல்லாத வாசலில் யாரையும் காருக்கு அடியில் படுக்க விடாதீர்கள்.